ஜெயின்டியா மலை ஓடைகளில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டினால் போதாதா?

ஓடைக்கரை | ஜனவரி 9, காலை 8.10

மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் ஆள் தவழ்ந்துபோய் நிலக்கரி எடுக்கும் எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. கைவிட்ட குழிகளிலிருந்து அமில நீர் இன்னும் வடிகிறது. லூகா ஆறு குளிர்காலத்தில் நீலமாகிறது, மீன் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதே மாவட்டத்தில், லும்ஷ்னோங் பக்கம், சுண்ணாம்புக்கல் மலையாகவே கிடக்கிறது. சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. விஷத்துக்கும் மருந்துக்கும் இடையே அரை மணி நேர லாரிப் பயணம். கல்லை உடைத்து ஓடையில் கொட்டினால் வேலை முடிந்தது. செய்ய மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

அளவுகோல் | ஜனவரி 9, மதியம் 1.35

கொட்டலாம். முதல் சில வாரம் பிஎச் (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) அழகாக ஏறும். பிறகு இறங்கும்.

சுரங்க நீரில் அமிலம் மட்டும் வருவதில்லை, கரைந்த இரும்பும் அலுமினியமும் கூடவே வருகின்றன. கல்லைத் தொட்ட இடத்தில் பிஎச் 3.5-ஐத் தாண்டியதும் பெரிக் இரும்பு (காற்றுப்பட்டு மாறியது; மாறாதது பெரஸ்) துரு நிறச் சேறாகப் படியும். 4.5-ஐத் தாண்டினால் அலுமினியம் வெள்ளைக் கூழாகப் படியும். இரண்டும் படிவது கல்லின் மேல்தான். பஜ்ஜிக்கு மாவு தோய்த்த மாதிரி கல் உள்ளே பத்திரமாக இருக்கும், தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும். கந்தகம் அதிகமுள்ள நீரில் ஜிப்சமும் சேர்ந்துகொள்ளும்.

கவசம் ஏறிய கல் முழுக்கச் செத்துவிடாது, கரையும் வேகம்தான் குறையும். அதனால் திறந்த சுண்ணாம்புக்கல் கால்வாய் என்ற முறைக்கு இன்றும் இடமுண்டு. அதற்குச் சரிவு வேண்டும்: பத்து சதவீதத்துக்கு மேல், முடிந்தால் இன்னும் செங்குத்தாக. 15 முதல் 30 செ.மீ. கல். நீரின் வேகமே சேற்றை அடித்துக்கொண்டு போக வேண்டும். சமதளத்து ஓடையில் அதே கல்லைப் போட்டால் ஒரு பருவத்தில் சேற்றுக்குள் புதைந்துவிடும். கால்வாய் அடித்துச் சென்ற சேறு தங்குவதற்குக் கீழே ஒரு குளமும் வேண்டும். இல்லையென்றால் சேற்றை மேலூரிலிருந்து கீழூருக்கு மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

உங்கள் கல் எவ்வளவு வேண்டும் என்று சொல்ல முதலில் மூன்று எண்கள் வேண்டும்: பிஎச், ஓட்டம், கரைந்த உலோகம். இருக்கிறதா?

ஓடைக்கரை | ஜனவரி 9, மாலை 6.02

பிஎச் 3.0. போதாதா?

அளவுகோல் | ஜனவரி 9, இரவு 9.20

போதாது. பிஎச் என்பது அந்த நொடியில் விடுதலையாகத் திரியும் அமிலம் மட்டும். நீரில் ஒளிந்திருக்கும் அமிலம் உலோகங்களில் இருக்கிறது. அவை படியும்போதுதான் வெளியே வரும். மொத்த அமிலத்தன்மையைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சொற்களில் எழுதுகிறேன். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில், விடை கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்லின் சாரம்) கணக்கில்:

50 × [ (2 × பெரஸ் இரும்பு ÷ 56) + (3 × பெரிக் இரும்பு ÷ 56) + (3 × அலுமினியம் ÷ 27) + (2 × மாங்கனீஸ் ÷ 55) + (1000 × 10-இன் அடுக்கு மைனஸ் பிஎச்) ]

ஒரு பாவனை நீரை எடுத்துக்கொள்வோம். பிஎச் 3.0, பெரஸ் 40, பெரிக் 20, அலுமினியம் 20, மாங்கனீஸ் 5. அடைப்புக்குள் வரிசையாக 1.43, 1.07, 2.22, 0.18, 1.00. கூட்டினால் 5.9, ஐம்பதால் பெருக்கினால் சுமார் 295 மி.கி./லி. இதில் பிஎச் கொடுத்தது 50 மட்டும். ஆறில் ஒரு பங்கு. பிஎச்சை மட்டும் வைத்துச் சுண்ணாம்பு வாங்கியவர் ஆறில் ஐந்து பங்கை மறந்தே போவார்.

இதற்குத் தலைகீழான ஏமாற்றும் உண்டு. ஆழத்திலிருந்து காற்றுப்படாமல் வரும் நீர் சுரங்க வாயில் பிஎச் 6 காட்டும். ஆய்வாளர் ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதிவிட்டுப் போவார். பெரஸ் இரும்பு காற்றைத் தொட்டு பெரிக்காகி, படிந்து, அமிலத்தை விட்டபின் அரை கிலோமீட்டர் கீழே அதே நீர் 3.5-ல் நிற்கும்.

ஐயப்பாடு | ஜனவரி 9, இரவு 10.47

சுரங்கத்தையே மூடியாயிற்று. மூடிய பிறகும் இவ்வளவு அமிலம் எங்கிருந்து வருகிறது? கடனை அடைத்த பிறகும் வட்டி கேட்கிற மாதிரி இருக்கிறதே.

அளவுகோல் | ஜனவரி 10, காலை 7.15

மூடியது ஆளை. காற்றை இல்லை.

பைரைட் (இரும்புச் சல்பைடு) காற்றையும் நீரையும் தொட்டால் கந்தக அமிலமும் பெரஸ் இரும்பும் வரும். பெரஸ் பெரிக்காக மாறும். அந்த பெரிக் இரும்பே திரும்பிப் போய் இன்னும் பைரைட்டைத் தின்னும். அந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் நேராகத் தேவையில்லை. அமில நீரில் பெரஸ் தானாக மாறுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். அசிடிதையோபேசில்லஸ் பெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா அதைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவுபடுத்துகிறது. பிஎச் 2 முதல் 3 வரை அதற்குச் சொர்க்கம். அதனால் நீர் ஒருமுறை 4-க்குக் கீழே இறங்கிவிட்டால் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் எந்திரமாகிவிடுகிறது.

எலிவளை முறைக்கு இன்னொரு கேடு. செங்குத்துக் குழி தோண்டி, அடியில் நிலக்கரிப் படலத்தோடு பக்கவாட்டில் குடைந்திருக்கிறார்கள். ஆள் தவழும் உயரம். வரைபடம் கிடையாது. மழைக்கு நிறைந்து கோடையில் வடிகிறது, அதாவது நனைந்து காய்ந்து நனைகிறது. பைரைட்டுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது. காயும் மாதங்களில் சுவரில் இரும்புச் சல்பேட் உப்புகள் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும். முதல் கோடைமழை அதை மொத்தமாகக் கரைத்துக்கொண்டு வரும். ஆண்டின் மோசமான நீர் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு சில நாளில் வருவது இதனால்தான். மாதம் ஒருமுறை மாதிரி எடுப்பவர் அதைத் தவறவிட்டுவிடுவார்.

சேறுவாரி | ஜனவரி 11, மாலை 4.40

அளவுகோல் சார் மூன்று எண் என்றார், இரண்டாவதை இன்னும் யாரும் பேசவில்லை: ஓட்டம். லிட்டருக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. நாளுக்கு எத்தனை கிலோ என்பதுதான் முழுக்கணக்கு.

சின்ன ஓட்டத்துக்கு வாளியும் கைக்கடிகாரமும் போதும். அதற்கு மேல் 90 பாகை வி-வெட்டுத் தடுப்பு, அதாவது V வடிவ வெட்டு வழியே நீரை விட்டு அளக்கும் தகடு. எட்டு மி.மீ. தகட்டில் வெட்டி, வெட்டின் ஓரத்தைக் கீழ்நீர்ப் பக்கம் சாய்த்துக் கூராக்கிக் களிமண் வைத்துப் பக்கக் கசிவை அடைத்து நிறுத்துங்கள். மரப்பலகை வேண்டாம், ஊதும். நீர் வெட்டின் கீழே சுதந்திரமாக விழ வேண்டும். பின்னால் தேங்கி வெட்டைத் தொட்டால் அளவு பொய். நீர்மட்டத்தை வெட்டிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் சரிந்திருக்கும். மட்டத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி, மேல்நீரில் அளவுக்கோலை நடவும்.

சூத்திரம்: ஓட்டம் (வினாடிக்குக் கனமீட்டர்) = 1.38 × மட்டத்தின் (வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரம், மீட்டரில்) 2.5 அடுக்கு. 10 செ.மீ. என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர். 20 செ.மீ. என்றால் 25 லிட்டர். மட்டம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்கு, கவனியுங்கள். ஒரு செ.மீ. தப்பாகப் படித்தால் சுண்ணாம்புச் செலவில் கால் பங்கு பிசகும்.

இரும்புச் சேறு வெட்டிலேயே படியும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, நீர் அடங்கியபின் படிக்கவும்.

சேறுவாரி | ஜனவரி 11, மாலை 5.05

மாதிரி எடுப்பதில் எல்லோரும் சறுக்குகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே புட்டி போதாது. உலோகத்துக்கு ஒன்று: 0.45 மைக்ரான் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்தது. வடிகட்டாமல் அமிலம் விட்டால் மிதக்கும் சேறு கரைந்து அலுமினியம் இரட்டிப்பாகத் தெரியும். அமிலத்தன்மைக்கு ஒன்று: எதுவும் சேர்க்காமல், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில். பெரஸை முடிந்தவரை ஓடைக்கரையிலேயே அளக்க வேண்டும். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். பிஎச் மானியை 7-லும் 4-லும் மட்டும் சரிபார்த்துவிட்டு 2.6 என்று எழுதாதீர்கள், 1.68 பஃபரும் (பிஎச் தெரிந்த சரிபார்ப்புக் கரைசல்) வேண்டும்.

ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கொதிக்கவைத்து பிஎச் 8.2 வரை டைட்ரேட் செய்யச் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க) சொல்லுங்கள். அந்த விடையும் அளவுகோல் எழுதிய சூத்திரத்தின் விடையும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் புட்டியில் ஏதோ நடந்திருக்கிறது.

அளவுகோல் | ஜனவரி 12, காலை 9.00

நன்றி. அதே பாவனை நீர், மட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 380 கனமீட்டர். 295 மி.கி. என்றால் நாளுக்கு 112 கிலோ அமிலச்சுமை, கால்சியம் கார்பனேட் கணக்கில்.

இதை அணைக்க நீற்றிய சுண்ணாம்பு என்றால் 0.74-ஆல் பெருக்கவும்: 83 கிலோ. சுட்ட சுண்ணாம்பு 0.56: 63 கிலோ. காஸ்டிக் சோடா 0.8: 90 கிலோ. சோடா சாம்பல் 1.06: 119 கிலோ. இதெல்லாம் தூய பொருளுக்கு. நீற்றிய சுண்ணாம்பின் தூய்மை 90, கரைந்து வேலை செய்வது 90 சதவீதம் என்று கொண்டால் 83 கிலோ 103 ஆகும்.

இப்போது மழைக்காலம். மட்டம் 20 செ.மீ., மழைநீர் கலந்து அமிலத்தன்மை பாதியாகி 148 ஆனது என்று வைப்போம். பிஎச் கொஞ்சம் ஏறியிருக்கும், செய்தித்தாளில் ‘ஆறு மீள்கிறது’ என்று வரும். சுமையோ நாளுக்கு 316 கிலோ. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஓடைக்கரை, உங்கள் கல்லுக்கு வருவோம். கோடைச் சுமையை மட்டும் எடுத்தாலும் ஆண்டுக்கு 41 டன் தூய கால்சியம் கார்பனேட் கரைய வேண்டும். கரைய வேண்டும், கிடக்க வேண்டும் அல்ல. இது ஒரே ஒரு சின்ன வாய்க்கு. அங்கே கைவிட்ட குழிகள் ஆயிரக்கணக்கில்.

ஓடைக்கரை | ஜனவரி 12, மதியம் 12.30

சரி, 41 டன் என்பது நான்கு லாரி. பயமுறுத்துகிற எண்ணாக எனக்குத் தெரியவில்லையே! கவசம்தான் சிக்கல் என்றால் கல்லைப் பொடியாக்கிப் போடலாமே.

அளவுகோல் | ஜனவரி 12, இரவு 8.15

நல்ல கேள்வி, பாதி சரி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சுண்ணாம்புக்கல் மணலை லாரியிலிருந்து நேராக ஓடை மேட்டில் சரித்துவிடுகிறார்கள். வெள்ளம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப்போகும், உருளும்போது கவசம் தேய்ந்துபோகும். முதல் ஆண்டு ஆண்டுச் சுமையைப் போல இருமடங்கு, பிறகு ஆண்டுக்கு ஒரு மடங்கு என்பது நடைமுறை விதி. இரும்பும் அலுமினியமும் குறைவான ஓடைக்கு நல்ல மருந்து. உலோகம் மிகுந்த வாய்க்கு நேரே கீழே போட்டால் உலோகமெல்லாம் ஓடைப் படுக்கையிலேயே படியும். மீனுக்கு அமிலத்திலிருந்து விடுதலை, ஆனால் புழு பூச்சி வாழும் கூழாங்கல் இடுக்கு அடைந்துபோகும். கலக்கும் இடத்தில் புதிதாகப் படியும் அலுமினியம் செவுளில் ஒட்டுவது அமிலத்தைவிட மோசம்.

லூகாவின் நீலமும் இதே கதையின் ஒரு துண்டாகத்தான் படுகிறது. அமில ஓடை, சுண்ணாம்புப் பாறையில் ஓடிவந்த காரநீரைச் சந்திக்கிறது. அலுமினியம் கண்ணுக்குத் தெரியாத மென்துகளாக மிதந்து நீல ஒளியைச் சிதறடிக்கிறது. குளிர்காலத்தில் ஓட்டம் குறைந்து கலங்கல் அடங்கும்போது நிறம் எடுப்பாகத் தெரியும். அங்கே இயற்கையே சுண்ணாம்பு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஓடைக்கரை. விளைவைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

ஐயப்பாடு | ஜனவரி 12, இரவு 11.30

நீலமாக இருந்தால் சுற்றுலா, ஆரஞ்சாக இருந்தால் சுற்றுச்சூழல். பச்சையாக வந்தால் எந்தத் துறை?

சேறுவாரி | ஜனவரி 14, காலை 10.20

பச்சை என்றால் பெரஸ் ஹைட்ராக்சைடு. காற்றூட்டாமல் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 8.5-க்கு மேல் போனால் பெரஸ் பச்சைச் சேறாகவே படியும், சரியாக அடங்காது. முதலில் காற்று, பிறகு சுண்ணாம்பு, அல்லது இரண்டும் ஒரே தொட்டியில்.

பிஎச்சை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் தீரும் என்று நினைக்கும் சுத்திகரிப்பு ஆலை நடத்துநர்களுக்கு ஒரு வரி: மாங்கனீசைப் பிடிக்க 9.5-க்கு மேல் போனால் முன்னே படிந்த அலுமினியம் மீண்டும் கரையும். இரண்டும் இருக்கும் நீரில் இரண்டு கட்டம் வேண்டும். அலுமினியச் சேற்றை 6, 7-ல் எடுத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். கடைசியில் பிஎச்சை இறக்கியும் விட வேண்டும், இந்தியாவின் பொது வெளியேற்ற விதியில் 5.5 முதல் 9.0 வரைதான் அனுமதி. இரும்பு 3, மாங்கனீஸ் 2 மி.கி./லி.

நீலம் | ஜனவரி 15, மாலை 3.10

ஆளும் மின்சாரமும் இல்லாத மலைக்கு ஆலை எதற்கு? சும்மா ஓடவிடும் முறைகளைப் பற்றிச் சொல்லுங்களேன். ஆக்சிஜன் படாத சுண்ணாம்பு வடிகாலில் கவசமே ஏறாது என்று படித்தேன். அதைப் போடலாமே?

அளவுகோல் | ஜனவரி 15, இரவு 9.45

ஏறாதுதான், நீர் ஒத்துழைத்தால். கல்லைப் பள்ளத்தில் புதைத்து, மேலே கனமான பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்டு மூடுவது அது. காற்று இல்லாததால் பெரஸ் பெரிக்காகாது, கல் சுத்தமாகக் கரையும். நிபந்தனை: கரைந்த ஆக்சிஜன், பெரிக், அலுமினியம் மூன்றும் லிட்டருக்கு 1 மி.கி.க்குள். நம் பாவனை நீரில் பெரிக் 20, அலுமினியம் 20. சில மாதத்தில் உள்ளே அலுமினியக் கூழ் அடைத்து, நீர் பக்கவாட்டில் பீறிட்டு வெளியே வரும். மூடிப் புதைத்ததைத் தோண்டித்தான் பார்க்க முடியும்.

ஏற்ற நீருக்கு அளவு இப்படி. நீர் கல்லுக்குள் 15 மணி நேரம் இருக்க வேண்டும். மணிக்கு 15.8 கனமீட்டர் ஓட்டத்துக்கு 238 கனமீட்டர் நீர் கல் இடுக்கில் நிற்க வேண்டும். இடுக்கு 45 சதவீதம் என்றால் 528 கனமீட்டர் படுகை, சுமார் 800 டன் கல். இருபதாண்டில் கரையப்போவது 820 டன், கல்லின் தூய்மை 90 சதவீதம் என்றால் 912. இரண்டையும் கூட்டி 1,700 டன். இருபதாம் ஆண்டு கடைசி நாளிலும் 15 மணி நேரம் நிற்க வேண்டுமே, அதனால்தான் கூட்டல். டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) வேண்டாம், கரைய நேரமெடுக்கும்.

நம் நீருக்குச் சரியானது செங்குத்து ஓட்டக் குளம். மேலே ஒரு மீட்டர் அளவுக்கு நீர், அதன் கீழே 30 முதல் 60 செ.மீ. மக்கிய உரம், அதன் கீழே 60 முதல் 90 செ.மீ. சுண்ணாம்புக்கல், அடியில் துளைக்குழாய். நீர் மேலிருந்து கீழே இறங்கும்போது உரம் ஆக்சிஜனைத் தின்றுவிடும், பெரிக்கைப் பெரஸாக்கும், சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவும் கொஞ்சம் காரம் தரும். பிறகு கல். சதுரமீட்டருக்கு நாளுக்கு 25 கிராம் அமிலம் என்று பாதுகாப்பாக எடுத்தால் 112 கிலோவுக்கு 4,500 சதுரமீட்டர், ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மழைக்காலச் சுமை 316 கிலோவுக்கு மூன்று ஏக்கருக்கு மேல். மலைச்சரிவில் மூன்று ஏக்கர் சமதளம் எங்கே? எனவே கோடைச் சுமைக்குக் கட்டி, வெள்ளத்துக்குப் பக்கவழி விடுவதுதான் நடக்கும்.

சேறுவாரி | ஜனவரி 16, காலை 6.50

‘சும்மா ஓடவிடும்’ என்ற பெயரை நம்பி ஆளே போகாமல் விட்ட குளங்கள் எத்தனையோ. அலுமினியம் கல்லில் படியத்தான் செய்யும். அதற்காக அடிக்குழாயில் பெரிய வால்வு வைத்து, அவ்வப்போது ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். மேலே ஒரு மீட்டர் நீர் நிற்பது அழுத்தத்துக்காகவும்தான். வால்வை அரைகுறையாகத் திறந்தால் குழாய்க்கு அருகில் உள்ள சேறு மட்டும் வரும். திறந்துவிட்ட நீருக்குத் தனிக்குட்டை; ஓடையில் விட்டால் வெள்ளைச் சேறு ஒரே நாளில் மீனை முடிக்கும்.

மேலே நீர்மட்டம் தானாக உயர்ந்துகொண்டே போனால் உரம் இறுகிவிட்டது என்று பொருள். வெளியேறும் நீரில் அழுகிய முட்டை வாடை இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, நல்ல செய்தி. ஆனால் மூடிய மேன்ஹோலுக்குள் தலையை விடாதீர்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. சுரங்க வாய்க்குள்ளும் போகாதீர்கள். பைரைட் தின்ற ஆக்சிஜன் அங்கே இருக்காது.

அளவுகோல் | ஜனவரி 16, மதியம் 2.00

குளத்துக்குப் பிறகு இரும்பு படிய ஒரு குட்டையும் சதுப்பும். காரம் மிஞ்சிய நீரில் சதுரமீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் இரும்பு என்பது நம்பத்தகுந்த எண். 60 மி.கி. × 380 கனமீட்டர் என்றால் 23 கிலோ, அதாவது 2,300 சதுரமீட்டர். முழுதாகக் காற்று ஏறிய நீரில் ஆக்சிஜன் எட்டுப் பத்து மி.கி.தான் இருக்கும், ஒரு மி.கி. ஆக்சிஜன் ஏழு மி.கி. பெரஸை மாற்றும். ஆக, ஒரு அருவிப்படி 50 மி.கி. இரும்புக்குத்தான் போதும். நமக்கு 60, எனவே படி-குட்டை-படி-குட்டை. பிஎச் 5-லிருந்து 8 வரை ஒவ்வோர் அலகு ஏற்றத்துக்கும் பெரஸ் மாறும் வேகம் நூறு மடங்கு கூடும். குட்டை வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் அதன் பிஎச்சைப் பாருங்கள்.

மாங்கனீசுக்கு ஆசைப்படாதீர்கள், அதற்குச் சதுரமீட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்தான். இரும்பு முழுக்க இறங்கிய பின்தான் அது இறங்கவே தொடங்கும்.

ஐயப்பாடு | ஜனவரி 18, இரவு 10.10

ஒரு சந்தேகம், இழைக்குச் சம்பந்தமில்லை. பிஎச் சுழியத்துக்குக் கீழே போகுமா?

அளவுகோல் | ஜனவரி 18, இரவு 10.40

போகும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் மைனஸ் 3.6 அளந்திருக்கிறார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 760 கிராம் வரை சல்பேட், சூடு 47 பாகை. சாதாரணக் கண்ணாடி மின்முனையை அங்கே அப்படியே நம்ப முடியாது.

சேறுவாரி | ஜனவரி 20, காலை 11.30

இனி சேறு. இதைப் பேசாமல் சுத்திகரிப்பைப் பேசுவது பாதி வீடு.

அதே நீர். இரும்பு ஹைட்ராக்சைடு 115 மி.கி., அலுமினியம் 58, கரையாத சுண்ணாம்பு சேர்த்து லிட்டருக்கு 200 மி.கி. திடம். நாளுக்கு 76 கிலோ காய்ந்த எடை. சாதாரணக் குட்டையில் அது இரண்டு சதவீதத் திடமாகத்தான் அடங்கும், அதாவது நாளுக்கு 3.8 கனமீட்டர், ஆண்டுக்கு 1,390. குட்டை மூன்றாண்டில் நிரம்பி வழிவதற்கு இதுதான் காரணம், யாரும் சதி செய்யவில்லை.

பெரிய ஆலைகள் அடர்சேற்று முறையை எடுப்பது இதற்காக. சுண்ணாம்புப் பாலை நேராக நீரில் விடாமல், அடிச்சேற்றைத் திருப்பிக் கொண்டுவந்து அதில் முதலில் கலக்கிப் பிறகு நீரோடு சேர்ப்பார்கள். புதுப் படிவு பழைய துகள் மேல் வளர்ந்து கெட்டியாகும், 20 முதல் 30 சதவீதம் வரை. 25 சதவீதம் என்றால் நாளுக்குக் கால் கனமீட்டர், ஆண்டுக்கு 92. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் தகரச் சுரங்கத்தில் 2000-லிருந்து இந்த முறையில்தான் ஓடுகிறது. அது 1991-ல் மூடிய சுரங்கம். பம்புகளை நிறுத்தினார்கள், நீர் உள்ளே ஏறியது, 1992 ஜனவரியில் சுமார் ஐந்து கோடி லிட்டர் காவி நிறத்தில் உடைத்துக்கொண்டு வந்து ஃபால் ஆற்றின் கழிமுகம் வரை நிறம் மாறியது. மூடுவது என்றால் பம்பை அணைப்பது என்று நினைத்ததன் விலை.

வினாடிக்கு நாலரை லிட்டர் வாய்க்கு இந்த ஆலை வேண்டாம். இரண்டு குட்டை, மாற்றி மாற்றி. ஒன்று காயும்போது மற்றதில் விடலாம். மழை அதிகமுள்ள மலையில் காயும் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரைதான். வாருவதை அதற்குள் முடிக்க வேண்டும்.

நீலம் | ஜனவரி 20, மாலை 5.55

வாரிய சேற்றை என்ன செய்வது? பயன் ஏதாவது?

சேறுவாரி | ஜனவரி 20, இரவு 7.30

சுத்தமான இரும்புச் சேறு என்றால் நிறமியாகப் போகும். பென்சில்வேனியாவிலும் ஓஹையோவிலும் ஓவிய வண்ணம் வரை போயிருக்கிறது. அலுமினியமும் ஜிப்சமும் கலந்ததை யாரும் வாங்க மாட்டார்கள். பழைய குழிக்குள்ளேயே திருப்பி ஊற்றலாம், அங்குள்ள நீர் அமிலமாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், திரும்பக் கரையும்.

ஓடைக்கரை | ஜனவரி 23, காலை 7.40

சரி, கல்லைக் கைவிட்டேன் (முழுதாக இல்லை). குழியின் வாயையே கான்கிரீட்டால் அடைத்துவிட்டால்? உள்ளே நீர் நிறைந்தால் காற்று போகாது, பைரைட் உறங்கும். நீரில் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவு என்கிறார்களே.

அளவுகோல் | ஜனவரி 23, இரவு 8.50

அறிவியல் சரி, அதனால்தான் கழிவுத்தூளை நீருக்கடியில் வைப்பது நல்ல முறை. ஆனால் பழைய சுரங்கம் புட்டி இல்லை. ஒரு வாயை அடைத்தால் நீர்மட்டம் ஏறி, அடுத்த பலவீனமான இடத்தில் வரும்.

கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தை எடுங்கள். 2015 ஆகஸ்ட் 5 அன்று சரிந்த வாயைச் சுத்தம் செய்யத் தோண்டியபோது உள்ளே தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்தது, சுமார் 1.1 கோடி லிட்டர், அனிமாஸ் ஆறே ஆரஞ்சு. தோண்டியது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு. பின்னர் வந்த தொழில்நுட்ப ஆய்வு சுட்டிக்காட்டியது எளிய விஷயம்: மேலிருந்து துளையிட்டு உள்ளே எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

ஜெயின்டியாவில் வரைபடமே இல்லை. 2018 டிசம்பரில் க்சானில் 370 அடிக் குழிக்குள் 15 தொழிலாளர்கள் சிக்கியபோது எந்தப் பழைய குழியிலிருந்து நீர் வருகிறது என்றே புரியாமல் வாரக்கணக்கில் இறைத்தார்கள். அங்கே போய் ஒரு வாயை அடைப்பது என்றால் பக்கத்துக் குழிகள் எல்லாவற்றிலும் நீர்மட்டம் அளந்துவிட்டுத்தான். அடைக்காமல், காய்ந்த பருவத்திலேயே, மழைநீர் உள்ளே போகாதபடி குழி விளிம்பைச் சுற்றி வரப்பும் திருப்புகால்வாயும் போடுவது இதைவிட மலிவு, ஆபத்தும் இல்லை. உள்ளே போகாத நீருக்கு மருந்து வேண்டாம்.

சேறுவாரி | ஜனவரி 24, காலை 9.15

ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கும் அதே திருப்புகால்வாய்தான் முதல் செலவு. அசாமின் மாகும் நிலக்கரி வயலுக்கும் பொருந்தும். இரண்டாவது, மேல்மண்ணையும் பாறையையும் வெட்டும்போதே பிரிப்பது. பைரைட் கந்தகம் ஒரு சதவீதம் என்றால் டன்னுக்கு 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் அளவு அமிலம் வரும். பாறை தன்னிடம் வைத்திருக்கும் காரத்தை அதனால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் அமிலம் வரும், மூன்றுக்கு மேல் என்றால் கவலையில்லை, இடையில் இருந்தால் ஈரக்கலன் சோதனை: மூன்று நாள் காய்ந்த காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் கழுவல், குறைந்தது 20 வாரம். வடகிழக்கு நிலக்கரியில் கந்தகத்தின் பெரும்பங்கு கரிமக் கந்தகம். அது எளிதில் அமிலம் தராது. மொத்தக் கந்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தேவையில்லாமல் பீதி.

அளவுகோல் | ஜனவரி 24, மதியம் 1.20

மேலே கொடுத்த மூன்று என்ற எல்லையைச் சிலர் இரண்டு என்பார்கள். மழை இவ்வளவு பெய்யும் இடத்தில் மூன்றே நல்லது. பாறையின் காரம் முதலில் கழுவப்பட்டுப் போய்விடும், பைரைட் அங்கேயே இருக்கும்.

நீலம் | ஜனவரி 27, மாலை 6.30

சல்பேட்? குடிநீருக்கு 200, மாற்று ஆதாரம் இல்லையென்றால் 400 மி.கி. என்கிறது இந்தியத் தரம். சுண்ணாம்பு அதை எடுக்குமா?

சேறுவாரி | ஜனவரி 27, இரவு 9.05

ஜிப்சமாகப் படியும் அளவுக்கு மட்டும். நீரைப் பொறுத்து 1,500-லிருந்து 2,000 வரை கரைந்தே நிற்கும், அதோடு குழாயில் செதில் கட்டும். அதற்குக் கீழே வேண்டும் என்றால் சவ்வு. தென்னாப்பிரிக்காவின் எமலாலேனியில் 2007-லிருந்து நிலக்கரிச் சுரங்க நீரை எதிர்ச்சவ்வூடு பரவலில் சுத்தம் செய்து நகராட்சிக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். மின்சாரமும் உவர்க்கழிவும் யார் தலையில் என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஓடைக்கரை | பிப்ரவரி 2, காலை 8.00

கீழ்நிலையில் மின்நிலையங்கள் இருக்கின்றனவே. கோப்பிலி, மிந்து-லேஷ்கா. அவர்கள் டர்பைன் அரிப்புக்கு அழுகிறார்கள். அவர்களே மேலே செலவு செய்யட்டும்.

அளவுகோல் | பிப்ரவரி 2, இரவு 8.30

டர்பைனுக்குப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு, அடிக்கடி மாற்றும் குளிர்விப்புக் குழாய் என்று செலவு ஏற்கெனவே ஓடுகிறது. நீர்த்தேக்கத்தின் அளவுக்குச் சுண்ணாம்பு போடுவது நடக்காத காரியம். ஆனால் எந்தக் கிளையோடை எத்தனை கிலோ கொண்டுவருகிறது என்று ஓர் ஆண்டு முழுக்க அளந்தால், பெரும்பாலும் ஒரு சில வாய்கள்தான் பாதிச் சுமைக்குப் பொறுப்பாக இருக்கும். அந்த வாய்களில் வி-வெட்டும் அளவுக்கோலும் நிறுத்துவது டர்பைன் இறக்கை ஒன்றின் பக்கத்தில் செலவே இல்லை. 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மேகாலய அரசுக்கு விதித்த 100 கோடி ரூபாய் அபராதத்தைப் பற்றி இழையில் யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அளவு இல்லாத இடத்தில் கோடிக்கும் கல்லுக்கும் ஒரே கதிதான்.

சேறுவாரி | பிப்ரவரி 3, காலை 7.25

மின்சாரம் இல்லாத வாய்க்கு இன்னொன்று விட்டுப்போயிற்று: ஓடும் நீராலேயே சுழலும் சக்கரத் தூவி. நீர் கூடினால் சக்கரம் வேகமாகச் சுற்றிச் சுட்ட சுண்ணாம்புக் குறுமணி கூடுதலாக விழும், குறைந்தால் குறைவாக. இங்கே கெடுவது ஈரம். தொட்டியின் மூடி இடைவெளியில் மழைக்காற்று புகுந்தால் குறுமணி நீறி, சூடேறி, கட்டியாகி வாயில் பாலம் கட்டிக்கொள்ளும். மூடிக்கு ரப்பர் முத்திரை, வாரம் ஒருமுறை தட்டிப் பார்ப்பது, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காமல் இருப்பது.

காஸ்டிக் சொட்டு வைக்கும் யோசனை இருந்தால் 50 சதவீதக் கரைசலை வாங்காதீர்கள். 12 பாகையிலேயே உறையும், ஜெயின்டியாவின் ஜோவாய் ஊர்க் குளிரில் குழாய் அடைத்துக்கொள்ளும். 20 சதவீதம் வாங்குங்கள்.